அயல்மண்ணில் அளவான வாழ்வு

நுழையும்முன்

கல்விக்காகக் கடல்கடந்து செல்லும் தமிழ் மாணவர் பலர். அங்கே அவர்கள் எப்படித் தங்குகிறார்கள், எதை உண்கிறார்கள், எதில் ஏறி ஊர் சுற்றுகிறார்கள் என்பவையும் அந்தக் கல்வியின் ஒரு பகுதியே. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஒரு நகரத்தில் தமிழ்நாட்டு மாணவி ஒருவர் கழித்த நாள்களின் வழியே இதைப் பேசுகிறது இப்பாடம்.

பெட்டியின் எடையும் பயணத்தின் எடையும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படும் மாணவரின் பெட்டியில் முதலில் இடம்பிடிப்பது குக்கர். அதற்குள் துணியில் சுற்றிய கரண்டிகள், சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, இரண்டு வகை ஊறுகாய், கொஞ்சம் கம்பளித் துணி, கடைசியாக மிஞ்சிய இடத்தில் பாடநூல்கள். ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதால், புறப்படுவதற்கு முந்தைய இரவு வீட்டுக் கூடத்தில் எடைக்கருவியோடு ஒரு சிறு போரே நடக்கும். எதை எடுத்து வெளியே வைப்பது என்பதில் தாய்க்கும் மகளுக்கும் உடன்பாடு ஏற்படுவதில்லை.

அந்தப் பெட்டியின் எடையை அளந்து பார்ப்பவர்கள் பயணத்தின் எடையை அளந்து பார்ப்பதில்லை. சென்னைக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர். ஒருவர் விமானத்தில் போய்த் திரும்பினால், அவர் பங்குக்கு மட்டும் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. ஓர் இந்தியரின் சராசரிப் பங்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே ஏறத்தாழ இரண்டு டன்தான். மின்விளக்கு, அடுப்பு, பேருந்து என்று அரையாண்டுக் காலம் செலவிடுவதை ஒரே பயணத்தில் செலவிட்டுவிடுகிறோம். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சூரிய ஆற்றல் குறித்த முதுகலைப் படிப்புக்காக ஃபிரைபர்க் சென்ற மாணவிக்கு இந்தக் கணக்கு முதல் பருவத்தின் வகுப்பறையிலேயே எதிர்ப்பட்டது. ஒவ்வொருவரும் தம் ஓராண்டு வாழ்வின் கரிமக் கணக்கை எழுதி வரவேண்டும் என்பது பயிற்சி. பேருந்து, உணவு, மின்சாரம் என்று சிறுசிறு எண்களாக நிரப்பிக்கொண்டு வந்தவர், விமானம் என்ற வரிக்கு வந்தபோது மற்ற வரிகள் பலவற்றையும் அந்த ஒரு வரி விழுங்கிவிட்டதைக் கண்டார்.

ஃபிரைபர்க் என்னும் ஊர்

ஃபிரைபர்க் கருங்காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1457இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அந்நகரின் நடுவே உள்ளது. பழைய நகரத் தெருக்களின் ஓரமாகக் கற்பதித்த குறுகிய ஓடைகளில் இன்றும் நீர் ஓடுகிறது. தவறி அதில் கால் வைத்தவர் அவ்வூரிலேயே மணமுடிப்பார் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

அந்நகரம் பசுமை நகரம் என்று பெயர் வாங்கியது ஏதோ ஓர் அரசாணையால் அன்று. 1970களில் அருகே உள்ள வீல் என்ற சிற்றூரில் அணுமின் நிலையம் அமைக்க ஏற்பாடு நடந்தது. திராட்சைத் தோட்டக்காரர்களும் உழவர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 1975இல் கட்டுமான இடத்திலேயே குடியேறி அமர்ந்தார்கள். அந்த நிலையம் கட்டப்படவே இல்லை. 'அணு வேண்டாம் என்றால் வேறு எது?' என்ற கேள்வி அவர்களை விடவில்லை. அதற்கு விடை தேடும் ஆர்வமே பின்னாளில் சூரிய ஆற்றல் ஆய்வுகளுக்கும், சூரியத் தகடுகள் வேய்ந்த வீடுகளுக்கும் அவ்வூரை உரியதாக்கியது. 1973இலேயே பழைய நகரின் நடுப்பகுதி நடந்து செல்வோருக்கென ஒதுக்கப்பட்டது. 1990களில் பிரெஞ்சுப் படையினர் விட்டுச் சென்ற பாசறை நிலத்தில் வோபான் என்ற குடியிருப்பு எழுந்தது. அங்கே பெரும்பாலான வீடுகளின் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. கார் வைத்திருப்பவர் குடியிருப்பின் ஓரத்தில் உள்ள அடுக்குமாடி நிறுத்தகத்தில்தான் விட்டுவிட்டு வரவேண்டும். தெருக்களில் குழந்தைகள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு விளையாடுகிறார்கள். அந்தப் பாசறைக் கட்டடங்களில் சில இப்போது மாணவர் தங்கும் இல்லங்கள்.

மீண்டும் மிதிவண்டி

பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் அந்த மாணவி இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றவர். கல்லூரிக்குப் பேருந்து வந்ததும் மிதிவண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றது. பிறகு அதில் துணி காயப் போட்டார்கள். மிதிவண்டி என்பது வளரும் வரைக்கும்தான். வளர்ந்தபின் இருசக்கர வாகனம், வசதி வந்தபின் கார் என்ற ஏணியை நம் ஊர்களில் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஃபிரைபர்க்கில் அந்த ஏணியைக் காணவில்லை. வகுப்பெடுக்கும் பேராசிரியர் மழைச்சட்டை அணிந்து மிதிவண்டியில் வருகிறார். தொடர்வண்டி நிலையத்தின் குறுக்கே செல்லும் நீலநிற இரும்புப் பாலத்தில் ஒரு காலத்தில் கார்கள் ஓடின. இன்று மிதிவண்டிகளும் நடப்போரும் மட்டுமே. அன்றைக்கு எத்தனை மிதிவண்டிகள் கடந்தன என்பதை அங்கே நிற்கும் எண்பலகை காட்டிக்கொண்டே இருக்கிறது. டிரைசாம் ஆற்றங்கரையில் சிக்னல்களின் குறுக்கீடு இல்லாமல் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம்.

பழைய பொருள் சந்தையில் வாங்கிய மிதிவண்டி முதல் மாதத்தில் இரண்டு முறை சங்கிலி கழன்றது. பழுதுபார்க்கக் கொடுத்தால் வண்டியின் விலையில் பாதி கூலியாகப் போகும். ஆனால் தன்னார்வலர்கள் நடத்தும் பட்டறைகள் உண்டு. கருவிகள் அங்கே கிடைக்கும். கற்றுத்தர ஆள் இருப்பார். வேலையை மட்டும் வண்டிக்கு உரியவரே செய்யவேண்டும். கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு சக்கரத்தைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார் மாணவி. முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் இரவில் ஓட்டினால் தண்டம் உண்டு. திரும்பும்போது கையை நீட்டிக் காட்டவேண்டும். இவற்றையெல்லாம் அவர் பழகிக்கொள்ள நெடுநாள் ஆகவில்லை. வலப்பக்கம் ஓட்டுவதற்குத்தான் மனம் சில வாரங்கள் முரண்டியது.

குளிரும் சன்னலும்

வெயிலில் வளர்ந்தவருக்குக் குளிர்காலம் கடினமான ஆசிரியர். நவம்பரில் சன்னலை இறுக மூடியவர், வெப்பமூட்டியின் திருகை 5 என்ற எண்ணுக்குத் திருப்பி வைத்தார். அறைக்குள்ளேயே துணி காய்ந்தது. சமையற்கட்டும் அதே அறையின் மூலையில் என்பதால் குக்கரின் நீராவியும் அங்கேயே சுற்றியது. சில வாரங்களில் சுவரின் மேல்மூலையில் கரும்புள்ளிகள் தோன்றின. பூஞ்சணம். இல்லத்தின் பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை முறை சன்னலைத் திறக்கிறீர்கள்?" என்பதுதான்.

ஒரு முறைகூட இல்லை என்பதே விடை. குளிருக்குப் பயந்து மூடி வைத்ததுதான் கேடு. வெப்பக்காற்று ஈரத்தை மிகுதியாக ஏற்றுக்கொள்ளும். குளிர்ந்த சுவரில் பட்டதும் அந்த ஈரம் நீராகப் படியும். அங்கே பூஞ்சணம் வளரும். நாளில் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம், திருகை அடைத்துவிட்டுச் சன்னலை முழுமையாகத் திறந்துவைக்க வேண்டும். ஈரக்காற்று வெளியேறி உலர்ந்த காற்று நுழையும். சுவர்களும் கட்டிலும் மேசையும் தம்முள் சேர்த்து வைத்திருக்கும் வெப்பம் அதற்குள் போய்விடாது. சன்னலை மூடியதும் அறை விரைவில் சூடேறிவிடும். மாறாக, சன்னலை ஒரு விரற்கடை மட்டும் திறந்து நாள் முழுதும் விட்டுவைத்தால் சுவரும் குளிரும், எரிபொருளும் வீணாகும். ஜெர்மானிய வீடுகளில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறைகளைச் சூடாக்கவே போகிறது. எனவே இந்தச் சிறு பழக்கத்தின் பயன் சிறிதன்று. திருகின் 3ஆம் எண் ஏறத்தாழ 20 பாகை வெப்பம். அதில் வைத்துவிட்டு வீட்டுக்குள்ளும் கம்பளிச் சட்டை அணிந்துகொள்ளப் பழகினார் அவர்.

பிறர் விட்டதும் நாம் எடுப்பதும்

ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வரும் மாணவர் ஜெர்மனியில் மாணவர் விசா பெற, வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோ வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் நடைமுறை. ஃபிரைபர்க் அமைந்துள்ள பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் இத்தகைய மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணமும் உண்டு. கல்விக்கடன் வாங்கிச் சென்றவருக்கு ஒவ்வொரு யூரோவும் ஊரில் யாரோ ஒருவரின் ஒருநாள் உழைப்பாகவே தோன்றும். ஆகவே மாணவரின் சிக்கனத்தை எல்லாம் சூழல் பற்று என்று புகழ்வது சரியன்று. கையில் பணமில்லாதவர் குறைவாகச் செலவிடுகிறார், அவ்வளவே. ஆனால் பணமில்லாதவரும் மானத்தோடு குறைவாக வாழ ஓர் ஊர் வழிசெய்து வைத்திருக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது.

அங்கே வீட்டு வாசல்களில் அட்டைப்பெட்டிகள் இருக்கும். 'இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்' என்ற பொருளில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உள்ளே பீங்கான் கோப்பைகள், நூல்கள், மேசைவிளக்கு, சில வேளைகளில் நல்ல நிலையில் உள்ள வாணலி. முதல் முறை அத்தகைய பெட்டியைக் கடந்தபோது மாணவி நிற்காமல் நடந்தார். தெருவில் கிடப்பதைக் குனிந்து எடுப்பதா என்ற கூச்சம். மூன்றாம் முறை ஒரு மேசைவிளக்கை எடுத்து வந்தார். அன்றிரவு கைப்பேசித் திரையில் அதைக் கண்ட தாய்க்கு முகம் வாடிவிட்டது.

"யாரோ போட்டதை எடுத்துப் பொழங்குறதா, தாயி? காசு வேணும்னா சொல்லேன், அப்பா அனுப்புவாக."

"போட்டது இல்லம்மா, குடுத்தது. நான் போறப்போ நானும் இப்படித்தான் வாசல்ல வச்சிட்டுப் போவேன்."

தாய் அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவது ஏழ்மையின் அடையாளம் என்று கருதும் ஒரு தலைமுறைக்கு, அந்த ஏழ்மையிலிருந்து மீண்டு வந்த வழி நினைவிருக்கிறது. அந்த நினைவைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

புட்டிகளின் கதையோ இருவருக்குமே எளிதில் புரிந்தது. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானப் புட்டிகளுக்கும் குவளைகளுக்கும் வைப்புத்தொகை வாங்குகிறார்கள். இன்று அது 25 சென்ட். வெறும் புட்டியைக் கடையில் உள்ள பொறியின் வாயில் இட்டால் அது விழுங்கிக்கொண்டு சீட்டு ஒன்றைத் தரும். கல்லாவில் கொடுத்தால் பணம். திரும்பத் திரும்ப நிரப்பப்படும் கண்ணாடிப் புட்டிக்கு வைப்புத்தொகை குறைவு. "நம்ம கோலிசோடாக் கடையில பாட்டிலைத் திருப்பிக் குடுக்கிறது மாதிரி" என்றார் தாய். அதே முறைதான். ஃபிரைபர்க்கில் 2016இல் காப்பிக் குவளைக்கும் இம்முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு யூரோ கொடுத்துக் குவளையைப் பெற்று, திட்டத்தில் சேர்ந்த வேறு கடையிலும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொடர்வண்டி நிலையங்களில் குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டுப் புட்டி தேடும் முதியவர்களைக் காணலாம். செல்வம் மிக்க நாட்டில் 25 சென்ட்டுக்காகத் தொட்டியைத் துழாவும் கைகள். அவர்கள் துழாவ வேண்டாம் என்பதற்காகவே வெறும் புட்டிகளைத் தொட்டிக்கு வெளியே, தரையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவியும் அவ்வாறே செய்யக் கற்றுக்கொண்டார்.

கழிவைப் பிரிப்பது தனிப்பாடம். தாள் தனி, பொதிகலன்கள் தனி, உணவுக் கழிவு தனி, எஞ்சியது தனி. கண்ணாடியிலும் வெள்ளை, பழுப்பு, பச்சை என மூன்று தொட்டிகள். நீலப்புட்டி பச்சைத் தொட்டிக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடக் கூடாது. ஓசை அயலாரின் ஓய்வைக் கெடுக்கும்.

முருங்கைக்காய் வந்த வழி

ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.1 கோடி டன் உணவு வீணாகிறது. அதைக் குறைக்க 2012இல் அங்கே ஓர் உணவுப் பகிர்வு இயக்கம் தொடங்கியது. கடைகளில் மிஞ்சும் ரொட்டியையும் காய்கறியையும் தன்னார்வலர்கள் பெற்றுவந்து பொதுக் குளிர்பெட்டிகளில் வைக்கிறார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். மாணவியின் வாரச் சமையலில் பாதி அங்கிருந்து வந்த முட்டைக்கோசும் கேரட்டும். சாம்பாரில் எதையும் போடலாம் என்பதை அந்தக் குளிர்காலம் மெய்ப்பித்தது.

ஆசிய மளிகைக் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். விலை மிகுதி, காரணம், விரைவில் வாடிவிடும் இவை பெரும்பாலும் விமானத்தில் வருகின்றன. அரிசியும் பருப்பும் அவ்வாறன்று; கப்பலில் மெதுவாக வருகின்றன. தொலைவிலிருந்து வருவது எல்லாம் தீங்கு என்பது தவறான எண்ணம். எவ்வளவு தூரம் என்பதைவிட எதில் ஏறி வந்தது என்பதே முதன்மை. கப்பலில் வரும் ஒரு கிலோ அரிசிக்குப் போக்குவரத்தால் ஏற்படும் மாசு, விமானத்தில் வரும் ஒரு கிலோ காய்க்கு ஏற்படுவதைவிட மிகமிகக் குறைவு. எனவே பருப்பும் அரிசியும் தடையின்றி வாங்கிய மாணவி, முருங்கைக்காயைப் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் என்று வைத்துக்கொண்டார். கறிவேப்பிலையை மட்டும் விடமுடியவில்லை. ஊரிலிருந்து உலர்த்தி எடுத்துச் சென்றது தீர்ந்ததும் மாதம் ஒரு கட்டு வாங்கினார்.

எல்லை கடக்கும் டிராம்

ஐரோப்பாவில் படிக்கப் போனவர் ஐரோப்பாவைப் பார்க்காமல் திரும்புவதா? வகுப்புத் தோழர்கள் வாரயிறுதியில் பார்சலோனாவுக்குப் பறந்து வந்தார்கள். பயணச்சீட்டு சிலவேளை ஒரு வேளை உணவின் விலைக்கே கிடைத்தது. அதே ஊருக்குத் தொடர்வண்டியில் போனால் அதைப்போல் பல மடங்கு. பன்னாட்டு விமானங்கள் எரிக்கும் எண்ணெய்க்குப் பெரும்பாலும் வரி இல்லாதது இதற்கு ஒரு காரணம். மலிவு என்பது செலவு குறைவு என்பதன்று. அந்தச் செலவு வேறு எங்கோ எழுதப்படுகிறது. பிரான்சு நாடு 2023இல், இரண்டரை மணி நேரத்திற்குள் தொடர்வண்டியில் சென்றடையக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானங்களை நிறுத்தியது. தடங்கள் சிலவே என்றாலும், விலையை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டது.

ஜெர்மனியில் 2023 மே மாதம் ஒரு மாதச் சீட்டு அறிமுகமானது. நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டாரத் தொடர்வண்டி அனைத்திலும் அது செல்லும். தொடக்கத்தில் 49 யூரோ, 2025இல் 58, 2026இல் 63. மாணவர்க்குச் சலுகையும் உண்டு. விரைவு வண்டிகளில் செல்லாது. ஆகவே அதை வைத்திருப்பவர் மெதுவாகத்தான் பயணம் செய்யமுடியும். நான்கு வண்டி மாறி, நான்கு நிலையங்களில் காத்திருந்து. ஜெர்மானியத் தொடர்வண்டிகள் நொடி தவறாதவை என்ற பெயரும் பழங்கதையாகிவிட்டது. 2024இல் நெடுந்தொலைவு வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் காலந்தாழ்ந்தே வந்தன. வண்டி மாறுவதற்கு ஆறு நிமிடம் என்று திட்டமிட்டவர்கள் இரவை நடைமேடையில் கழித்த கதைகள் மாணவர் இல்லத்தில் நிறைய உண்டு.

ஆயினும் அந்த மெதுவான பயணம் வேறொன்றைத் தந்தது. ஃபிரைபர்க்கிலிருந்து வட்டார வண்டியில் ஆஃபன்பர்க் சென்று, அங்கு மாறி, கேல் என்ற எல்லையோர ஊரில் இறங்கினால், ரைன் ஆற்றின் மேல் டிராம் செல்கிறது. 2017இல் நீட்டிக்கப்பட்ட தடம் அது. ஏறிய இடம் ஜெர்மனி. சில நிமிடத்தில் இறங்கும் இடம் பிரான்சின் ஸ்திராஸ்பூர். ஒரே நூற்றாண்டில் இருமுறை பெரும்போர் மூண்ட இரு நாடுகளின் எல்லையைக் காய்கறிப் பையோடு பெண்கள் கடக்கிறார்கள். மேகத்துக்கு மேலே பறந்திருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது.

ஊருக்கு எத்தனை முறை?

இவ்வளவும் சேர்த்தாலும் அந்தக் கணக்குத் தாளின் விமான வரி அப்படியே இருந்தது. ஓராண்டு மிதிவண்டி ஓட்டியும், கம்பளிச் சட்டையோடு அறையில் இருந்தும், கழிவைப் பிரித்தும் மிச்சப்படுத்தியது, ஒருமுறை ஊருக்குப் போய்வந்தால் கரைந்துவிடும். அதற்காக ஊரை மறந்துவிட முடியுமா? வயதான பாட்டி இருக்கிறார். ஒவ்வொரு அழைப்பிலும் "எப்ப வர்ற?" என்பதே முதல் கேள்வி. பார்சலோனா வாரயிறுதியையும் பாட்டியைப் பார்க்கும் பயணத்தையும் கரிமக் கணக்கு ஒரே தட்டில்தான் நிறுக்கிறது. மனிதர் அவ்வாறு நிறுக்க இயலாது. நிறுக்க வேண்டியதும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் அக்காவுக்குத் திருமணம் உறுதியானது. தை மாதக் கடைசியில் நாள் குறித்தார்கள். பருவ வகுப்புகள் முடியாத நேரம். பத்து நாள் மட்டும் வந்து ஓடவேண்டும். பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் பங்குனியில். அதற்கு இன்னொரு முறை வரவேண்டும். இரண்டு பயணம், இரண்டு பயணச்சீட்டு, இரண்டு டன்னுக்கு மேல் கரியமிலம். மாணவி வீட்டாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: முகூர்த்தத்தை மாசிக்குத் தள்ள முடியுமா? வகுப்புகள் பிப்ரவரி நடுவில் முடிகின்றன. ஏப்ரல் நடுவில்தான் அடுத்த பருவம்.

பெண்வீட்டார் நாளை மாற்றக் கேட்பது எளிதன்று. மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று தாய் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். கரியமில வாயு என்று காரணம் சொன்னால் சிரிப்பார்கள் என்று அக்காவே எச்சரித்தார். கடைசியில் தந்தை போய்ப் பேசினார். தங்கை இருந்து எல்லாம் செய்யவேண்டும் என்றுதான் சொன்னார். அதுவும் உண்மைதானே. நல்லவேளையாக மாசியில் வளர்பிறை முகூர்த்தம் ஒன்று கிடைத்தது.

ஆறு வாரம் ஊரில் இருக்கப் புறப்பட்ட நாளில், மாணவி மிதிவண்டியின் திறவுகோலைப் புதிதாக வந்த முதலாண்டு மாணவர் ஒருவரிடம் கொடுத்தார். குளிர்பெட்டியில் மிஞ்சிய முட்டைக்கோசை எதிர் அறைக்குக் கொடுத்துவிட்டு, சன்னலை அடைத்து, வெப்பமூட்டியின் திருகைப் பனிப்பூக் குறி வரைந்த இடத்திற்குத் திருப்பி வைத்தார். குழாய் நீர் உறையாமல் இருக்க அவ்வளவு வெப்பம் போதும்.